அல்சைமர் மருந்து ஆராய்ச்சி: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலை விஞ்ஞானக் கருத்தரங்குகளிலும் முதியோர் நலக் கூட்டங்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தருகிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் உயர்தர மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும். மீதிப் பேர் வீட்டில் மறதி நோயாளர் ஒருவரை வைத்துப் பார்ப்பவர்கள். நான் நரம்பியல் விஞ்ஞானி. கொழும்பில் படித்தேன், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றேன், ஒரு மருந்து நிறுவனத்தின் அல்சைமர் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது மீண்டும் இங்கே கற்பிக்கிறேன். வைத்தியர் அல்ல. ஆகவே யாருக்கும் மருந்து எழுதித் தர முடியாது.

வயதானால் மறதி வருவது வழமைதானே? அதை ஏன் நோய் என்கிறீர்கள்?

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. தேடி எடுத்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசிப்பது நோய். முப்பது வருடமாக வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிய ஒரு அம்மா, ஒருநாள் காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் இருந்து இறங்கி, வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கிறார் என்றால் அதை "வயசு போச்சுது" என்று விட்டுவிடக் கூடாது. மிச்சக் காசை எண்ண முடியாமை, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மறுபடி கேட்பது, சமைக்கும்போது அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது எல்லாம் இந்த வகைதான்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மறதி நோய் என்பது பல காரணங்களால் வரும் ஒரு நிலைக்குப் பொதுப் பெயர். அல்சைமர் அதில் ஒரு வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 60 முதல் 70 சதவீதம் வரை இந்த வகைதான். தைரொய்ட் குறைபாடு, பி12 விற்றமின் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு மருந்து உண்டு. எனவே முதலில் வைத்தியரிடம் காட்டுவது முக்கியம்.

மூளைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

1906ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர், 55 வயதில் இறந்துபோன அவுகுஸ்ட டெட்டர் என்ற பெண்ணின் மூளையை நுண்காட்டியில் பார்த்த கதையைச் சொன்னார். நரம்புக் கலங்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், உள்ளே முறுக்கிய நார்க்கற்றைகள். வெளியே இருப்பது அமிலோயிட் பீற்றா என்ற புரதத் துண்டு, உள்ளே இருப்பது டோ புரதம் என்பது தெரிய வந்தது 1980களில்தான். இடையில் முக்கால் நூற்றாண்டு போய்விட்டது.

அமிலோயிட் படிவது அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. டோ பிறகு பரவுகிறது. அது பரவும் இடங்களில்தான் கலங்கள் சாகின்றன, நினைவும் போகிறது. மருந்து ஆராய்ச்சியின் பாதிச் சிக்கல் இந்தக் கால இடைவெளிதான். கீழே மீண்டும் இதற்கு வருவேன்.

வைத்திய பீடம் கிடைக்காவிட்டால் இந்தத் துறைக்கு வர முடியாதா?

இதைக் கேட்பது பெரும்பாலும் அம்மாமார். பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்.

தாராளமாக வரலாம். நான் வேலை பார்த்த இடத்தில் வைத்தியப் பட்டம் பெற்றவர்கள் சிறுபான்மை. இரசாயனவியலாளர்கள், உயிரியலாளர்கள், மருந்தாக்கவியல் படித்தவர்கள், புள்ளிவிபரவியலாளர்கள், கணினி படித்தவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். ஒரு மூலக்கூற்றை வடிவமைப்பவர் சேதன இரசாயனவியலாளர். மனிதரில் நடக்கும் பரிசோதனைக்கு எத்தனை பேர் தேவை என்று சொல்பவர் புள்ளிவிபரவியலாளர். அவர் பிழையாகச் சொன்னால் பத்து வருட உழைப்பு வீண்.

இசட் புள்ளி குறைந்து வைத்திய பீடம் தவறிப்போன பிள்ளைகளிடம் நான் சொல்வது: இரசாயனவியலை விரும்பிப் படியுங்கள், புள்ளிவிபரவியலுக்குப் பயப்படாதீர்கள், ஆங்கிலத்தில் ஒரு பந்தி தெளிவாக எழுதப் பழகுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடமும் இருக்கிறது, குமாரதுங்க முனிதாச மாவத்தையில் மூலக்கூற்று உயிரியலுக்கென்றே ஒரு பட்டப்பின் நிறுவகமும் இருக்கிறது. அங்கிருந்து வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

எத்தனை வருடம் படிக்க வேண்டும்? சம்பளம்?

பட்டம் நான்கு வருடம். கலாநிதிப் பட்டம் நான்கில் இருந்து ஆறு வருடம். அதன்பிறகு பெரும்பாலானோர் ஒப்பந்த ஆய்வாளராகச் சில வருடங்கள் இருப்பார்கள். முப்பது தாண்டிய பிறகே நிலையான வேலை கிடைக்கும். அமெரிக்கா போன்ற நாடுகளில் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் பொதுவாகக் காசு கட்டத் தேவையில்லை, அவர்கள்தான் உதவித்தொகை தருவார்கள். இது தெரியாமல் காணியை ஈடு வைக்கப் பார்த்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். முகவர் நிலையங்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை.

சம்பளத்தில் மருந்து நிறுவனம் நல்லாகவே தரும். பல்கலைக்கழகம் வாழ வைக்கும். வைத்திய நிபுணரோடு ஒப்பிட்டால் இரண்டும் குறைவுதான்.

ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க என்ன செய்வீர்கள்?

பலர் எதிர்பார்ப்பதை விட அலுப்பான வேலை. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

அமிலோயிட் பீற்றாவில் 42 அமினோ அமிலங்கள் கொண்ட வடிவம்தான் வேகமாகத் திரள்வது. அதை வெள்ளைத் தூளாகச் சின்னக் குப்பியில் வாங்குவோம். விலை அதிகம். திறந்து கரைத்த உடனேயே திரள ஆரம்பித்துவிடும் என்பதால், ஏற்கனவே இருக்கும் கட்டிகளை உடைக்க ஒரு கரைப்பானில் ஊறவைத்து, உலர்த்தி, பிறகு பனிக்கட்டியில் வைத்தபடி வேலை செய்ய வேண்டும். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு குழியிலும் புரதம், அதோடு தையோஃபிளேவின்-டி என்ற சாயம், அதோடு பரிசோதிக்கும் சேர்மம். புரதம் நாராகத் திரண்டால் சாயம் அதில் ஒட்டி நீலப்பச்சையாக ஒளிரும். கருவி இரவு முழுவதும் அந்த ஒளியை அளந்துகொண்டே இருக்கும். காலையில் வந்து பார்த்தால் வரைபடத்தில் முதலில் தட்டையான கோடு, பிறகு திடீரென்று ஏற்றம், பிறகு மறுபடி தட்டை. ஏற்றம் பிந்தினாலோ வராவிட்டாலோ "ஆகா, சேர்மம் வேலை செய்கிறது" என்று தோன்றும்.

அந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். சேர்மம் உண்மையிலேயே புரதத்தைத் தடுத்ததா, அல்லது சாயத்தின் ஒளியைத்தான் மறைத்ததா? நிறமுள்ள சேர்மங்கள் இப்படி ஏமாற்றும். ஆகவே சாயமே இல்லாத இன்னொரு முறையில், இலத்திரன் நுண்காட்டியில் நார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நார் அங்கே சௌகரியமாகக் கிடக்கும். சேர்மத்தைப் பட்டியலில் இருந்து வெட்டுவோம், அடுத்ததை எடுப்போம். இந்த வேலையில் அதிகமாகக் கண்டுபிடிப்பது மருந்தை அல்ல, எது மருந்து இல்லை என்பதைத்தான். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல ஆராய்ச்சியாளர் என்பேன்.

அப்படியானால் மஞ்சளும் வல்லாரையும்?

கொழும்பில் எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வரும், அதுவும் முதல் வரிசையில் இருந்து.

மஞ்சளில் உள்ள குர்குமின் நான் மேலே சொன்ன சாயச் சோதனையில் அருமையான பெறுபேறு காட்டும். காரணம் அதுவே மஞ்சள் நிறம். அது சாயத்தின் ஒளியோடு குறுக்கிடும். உடம்புக்குள் போனால் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும், சீக்கிரம் சிதைந்தும் போகும். மூளைக்குப் போய்ச் சேருவது சொற்பம். மருந்து இரசாயனவியலாளர்கள் 2017இல் குர்குமின் பற்றிய ஆய்வுகளை ஒட்டுமொத்தமாக அலசி, இது மருந்துக்கு மோசமான ஆரம்பப் புள்ளி என்றே எழுதினார்கள்.

வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டும் நம் வைத்திய மரபில் உள்ளவை. வல்லாரைச் சம்பல் நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். ஆனால் அவை அல்சைமரைத் தடுத்ததாகப் பெரிய மனிதப் பரிசோதனை எதுவும் நிறுவவில்லை. கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றை மூவாயிரத்துக்கு மேற்பட்ட முதியவர்களில் பல வருடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். மறதி நோய் வருவதை அது குறைக்கவில்லை.

மூலிகையில் இருந்து மருந்தே வராது என்று நினைக்கவும் வேண்டாம். கலன்டமின் என்ற அல்சைமர் மருந்து ஒரு குளிர்நாட்டுப் பூச்செடியில் இருந்து வந்தது, 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அந்தச் செடியை யாரும் கசாயம் வைத்துக் குடிக்கவில்லை. ஒரு மூலக்கூற்றைப் பிரித்தெடுத்து, அளவு கண்டு, பரிசோதித்தார்கள்.

பாமசியில் இப்போது தரும் மாத்திரைகள் எப்படி வந்தன?

கொழும்பில் மருந்துச்சீட்டுக்குக் கிடைக்கும் டொனபெசில்தான் அதில் பிரதானம். ஜப்பானில் ஐசாய் நிறுவனத்தின் ஹச்சிரோ சுகிமோட்டோ குழு கண்டுபிடித்தது. அவருடைய தாயாரும் மறதி நோயால் பாதிக்கப்பட்டவர். நாடிகள் தடிக்கும் நோய்க்கென்று செய்த வேறொரு சேர்மத்தைக் கொடுத்தபோது எலிகளுக்கு எச்சில் வடிந்தது. அசெற்றைல்கோலின் என்ற நரம்புச் செய்தியாளன் கூடினால் வரும் அறிகுறி அது. அல்சைமரில் குறைவதும் அதே பொருள். எச்சில் வடிந்ததைப் பக்கவிளைவு என்று ஒதுக்காமல் பின்தொடர்ந்தார்கள். 1996இல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கு முன் 1993இல் வந்த டக்ரின் கல்லீரலைப் பாதித்ததால் பின்னர் கைவிடப்பட்டது.

இந்த மாத்திரைகள் அறிகுறியைக் கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். நோயை நிறுத்தாது.

இத்தனை வருடமாக ஏன் நல்ல மருந்து வரவில்லை?

2002 முதல் 2012 வரை நடந்த அல்சைமர் மருந்துப் பரிசோதனைகளைக் கணக்கிட்டவர்கள் தோல்வி வீதம் 99.6 சதவீதம் என்று எழுதினார்கள். புற்றுநோய்த் துறைகூட இதைவிட எவ்வளவோ மேல்.

காரணம் ஒன்றல்ல. முதலாவது, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்பு. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் பெரும்பாலான சேர்மங்களை உள்ளே விடாது. பிறபொருளெதிரிகள் என்ற பெரிய புரதங்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ளே போகும்.

இரண்டாவது, இலக்கைத் தொட்டால் வேறெங்கோ வலிக்கும். அமிலோயிட்டை வெட்டி உருவாக்கும் காமா செக்ரிட்டேஸ் என்ற நொதியைத் தடுக்க செமகசெஸ்ரட் என்ற மருந்தைச் செய்தார்கள். அந்த நொதி உடம்பில் வேறு பல புரதங்களையும் வெட்டுகிறது. 2010இல் பரிசோதனையை நிறுத்தினார்கள், ஏனெனில் மருந்து எடுத்தவர்களின் நிலை வெற்று மாத்திரை எடுத்தவர்களை விட மோசமாகியது. தோல் புற்றுநோயும் கூடியது. பின்னர் பீற்றா செக்ரிட்டேஸ் நொதியைத் தடுக்கும் வெருபெசெஸ்ரட் வந்தது. அது முள்ளந்தண்டுத் திரவத்தில் அமிலோயிட்டை அரைவாசிக்கு மேல் குறைத்தது. ஆனால் நோயாளருக்கு எந்தப் பயனும் இல்லை. மருந்து தன் வேலையைச் செய்தும் நோய் அசையவில்லை.

மூன்றாவது, காலம். நான் நம்புவது இதைத்தான். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். பரிசோதனைகளில் சேர்க்கப்பட்டவர்களோ ஏற்கனவே நரம்புக் கலங்களை இழந்தவர்கள்.

நான்காவது, நோயாளர் தெரிவு. பழைய பரிசோதனைகளில் சேர்ந்தவர்களில் கணிசமானோரின் மூளையில் அமிலோயிட்டே இல்லை என்பது, அந்தப் படிவை உயிரோடு இருப்பவரில் காட்டும் பெட் ஸ்கேன் வந்த பிறகுதான் தெரிந்தது. இல்லாத பொருளுக்கு மருந்து கொடுத்தால் என்ன பெறுபேறு வரும்?

எலிக்குச் சுகமாகிறது, மனிதருக்கு ஏன் ஆகவில்லை?

எலிக்கு இயற்கையில் அல்சைமர் வராது. பரம்பரையாக இளவயதில் நோய் வரும் குடும்பங்களின் மரபணு மாற்றங்களை எலிக்குள் புகுத்தி வரவைக்கிறோம். அதற்கும் அமிலோயிட் படியுமே தவிர, மனிதரைப் போல டோ பரவிக் கலங்கள் பெருமளவில் சாவதில்லை. 1999இல் ஒரு தடுப்பூசி எலியின் மூளையில் படிவைத் துடைத்தெடுத்தது. மனிதரில் கொடுத்தபோது ஏறத்தாழ 6 சதவீதத்தினருக்கு மூளை அழற்சி வந்து 2002இல் நிறுத்தினார்கள். எலியை வைத்துப் பத்திரிகையில் வரும் "அல்சைமருக்கு மருந்து" தலைப்புகளை நான் வாசிப்பதேயில்லை.

புதிதாக வந்திருக்கும் ஊசியை எடுப்பிக்கலாமா?

லெகனமப், டொனனமப் என்ற இரண்டு பிறபொருளெதிரிகளைத்தான் கேட்கிறீர்கள். முதலாவதற்கு அமெரிக்காவில் 2023இலும் அடுத்ததற்கு 2024இலும் அனுமதி கிடைத்தது. படிவை இவை உண்மையில் அகற்றுகின்றன. லெகனமப் பரிசோதனையில் 1795 பேர், 18 மாதம். நோய் மோசமாவது 27 சதவீதம் மெதுவானது என்று செய்தி வந்தது. அதே பெறுபேற்றை வேறுவிதமாகச் சொன்னால், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி வித்தியாசம். இரண்டும் உண்மை. வீட்டில் பார்ப்பவருக்கு 0.45 தெரியுமா என்பது வேறு கேள்வி. பல நிபுணர்கள் தெரியாது என்றே சொல்கிறார்கள்.

இனி நடைமுறை. இது நோயின் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும். அமிலோயிட் இருப்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். லெகனமப் என்றால் ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்ற வேண்டும். மூளை வீக்கம், நுண்ணிய இரத்தக் கசிவு வரலாம் என்பதால் முதல் மாதங்களில் பலமுறை எம்ஆர்ஐ. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஈ4 மரபணு இரட்டைப் பிரதியாக உள்ளவர்களில் வீக்கம் மூன்றில் ஒருவருக்கு வந்தது. அமெரிக்காவில் வைத்த விலை வருடத்துக்கு 26,500 டொலர்.

என் அபிப்பிராயம் கேட்டால், அம்மாவுக்கு நோய் நடுநிலை தாண்டிவிட்டது என்றால் இதற்காக வீட்டை விற்காதீர்கள். அந்தக் காசில் பகலில் துணைக்கு ஒருவரை வைக்கலாம், குளியலறையில் பிடிமானம் பூட்டலாம். மருதானையில் லங்கா அல்சைமர் மன்றம் இருக்கிறது. பராமரிப்பவர்களுக்கு அங்கே கிடைக்கும் வழிகாட்டலைப் பயன்படுத்துங்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று பொய்யாமே? எல்லாமே ஏமாற்றா?

2006இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரையைச் சொல்கிறீர்கள். அமிலோயிட்டின் ஒரு குறிப்பிட்ட திரள்வடிவம்தான் எலிகளில் நினைவைக் கெடுக்கிறது என்றது அது. படங்கள் மாற்றப்பட்டிருப்பதாக 2022இல் பகிரங்கமானது, 2024இல் கட்டுரை மீளப்பெறப்பட்டது. வெட்கக்கேடு. அதற்காக அமிலோயிட் கருத்தே பொய்யாகாது. அதன் அத்திவாரம் வேறு இடத்தில், மரபணுவில் இருக்கிறது. அமிலோயிட்டின் தாய்ப்புரதத்துக்கான மரபணு 21ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. டவுன் நிலை உள்ளவர்களிடம் அது மூன்று பிரதி, அவர்களுக்கு இளவயதிலேயே படிவு வருகிறது. அதே மரபணுவில் அமிலோயிட் உற்பத்தியைக் குறைக்கும் ஒரு மாற்றம் ஐஸ்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது உள்ளவர்களுக்கு நோய் வருவது குறைவு. இதை எந்தப் படத்தை வெட்டி ஒட்டியும் உருவாக்க முடியாது.

கொழும்பில் இருந்துகொண்டே உருப்படியாக ஏதாவது செய்யலாமா?

புதிய மூலக்கூறு ஒன்றைத் தொடக்கத்தில் இருந்து பாமசி வரை கொண்டுவர இங்கே பணமும் இல்லை, வசதியும் இல்லை. ஆனால் இந்தத் துறையில் இங்கேயே செய்ய வேண்டிய, வேறு யாரும் நமக்காகச் செய்யப்போகாத வேலை இருக்கிறது.

ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் வீடு வீடாகச் செய்து 2003இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு மறதி நோய் இருப்பதாகச் சொன்னது. அது போன்ற கணக்கெடுப்பு மலையகத் தோட்டங்களிலும் வன்னியிலும் எவ்வளவு தேவை! ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெங்களூர் ஆய்வாளர்களோடு சேர்ந்து, இறந்துபோன இலங்கையரின் மூளைகளைப் பார்த்திருக்கிறார்கள். இரத்தக் குழாய்ப் பாதிப்பும் அல்சைமர் மாற்றங்களும் சேர்ந்தே வருவது அவர்கள் கவனித்த விஷயம். சீனி வருத்தமும் பிரஷரும் வீட்டுக்கு வீடு உள்ள நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

நினைவுச் சோதனைகளையே எடுங்கள். பெரும்பாலானவை பள்ளிக்கூடம் போனவரை மனதில் வைத்துச் செய்தவை. நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போன ஒரு அம்மா தடுமாறுவார். அதே அம்மா நாட்கூலியில் எத்தனை கிலோ குறைத்துப் போட்டார்கள் என்று நிமிடத்தில் சொல்வார். யார் நோயாளர், யார் பள்ளிக்குப் போகாதவர் என்று பிரித்தறியும் சோதனையைத் தமிழில் செய்து, சரிபார்த்து, வெளியிடுவது ஒரு முழுக் கலாநிதிப் பட்டத்துக்கான வேலை. மடிக்கணினியும் பஸ் காசும் பொறுமையும் போதும்.

மருந்துக் கொள்கையிலும் நமக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை அமைத்தபோது, எந்த மருந்து உண்மையில் தேவை, என்ன விலைக்கு என்று இந்தச் சின்ன நாடு கேட்கத் துணிந்தது. அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக் கடையான ஒசுசலவில் வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். புதிய ஊசிகளைப் பற்றி அதே கேள்வியைக் கேட்கத் தெரிந்த மருந்தியலாளர்கள் இப்போது தேவை.

இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?

இப்போது முடிகிறது. டோ புரதத்தின் ஒரு வடிவத்தையும் அமிலோயிட் பீற்றாவையும் இரத்தத்தில் அளந்து மூளையில் படிவு உண்டா என்று சொல்லும் ஒரு சோதனைக்கு அமெரிக்கா 2025 மே மாதத்தில் அனுமதி கொடுத்தது. பெட் ஸ்கேன் எட்டாத நாடுகளுக்கு, மருந்துகளை விட இதுதான் பெரிய செய்தி என்பேன். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் ஆர்வத்துக்காகச் செய்யத் தேவையில்லை.

மருந்து இல்லாமல் தடுக்க ஏதாவது வழி?

லான்செட் மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. செவிப்புலன் குறைவு, கொலஸ்ட்ரோல், பிரஷர், சீனி, புகைத்தல், தலையில் அடி, தனிமை, கல்வியின்மை எல்லாம் அதில் உண்டு. நம்மவர் கவனிக்காதது காது. கேட்கும் கருவி போட வெட்கப்பட்டு, பேச்சில் கலந்துகொள்ளாமல் மூலையில் இருக்கும் தாத்தாக்கள் எத்தனை பேர்! தலைக்கவசமும் இந்தப் பட்டியலோடு சேர்ந்ததுதான்.

ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு யாருக்கு, எப்படி எழுதுவது?

ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்பாதீர்கள். பார்த்த உடனே தெரியும். ஒருவரைத் தேர்ந்து அவருடைய அண்மைய கட்டுரை ஒன்றை முழுதாக வாசியுங்கள். விளங்காத இடம் ஒன்று கட்டாயம் இருக்கும், அதைக் கேளுங்கள். ஆறேழு வரி போதும்: நான் யார், எதைப் படித்தேன், உங்கள் கட்டுரையில் இந்தப் படத்தில் இது ஏன் இப்படி, உங்கள் குழுவில் இடம் உண்டா. பெறுபேற்றுத் தாளை இணையுங்கள், ஞானஸ்நானச் சான்றிதழில் இருந்து எல்லாவற்றையும் இணைக்க வேண்டாம். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதன்பிறகும் வராவிட்டால் அடுத்தவர். மெட்லண்ட் பிளேஸில் உள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்வு மானியங்களில் உதவியாளர் இடங்கள் வருவதுண்டு, அறிவித்தல்களைப் பார்த்து வாருங்கள். நேர்முகத்தில் "உலகுக்கு மருந்து கண்டுபிடிக்க வந்தேன்" என்று தொடங்க வேண்டாம். மாதிரிக் குழாய்களில் பெயர் ஒட்டத் தெரியுமா, எக்செல் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.